புல் முளைக்காத மண்

அனுமந்தன்பட்டியில் எங்கள் மேட்டுப் புஞ்சைக்குக் கோடைதோறும் கண்மாய்க் கரம்பை மண் அடிப்போம். அந்த வருஷம் கண்மாயில் தண்ணீர் வற்றவே இல்லை. வேறு மண் தேடி அலைந்த என் வீட்டுக்காரர், மலையடிவாரத்தில் ஒரு குவியலைக் கண்டுபிடித்தார். முன்பு ஒரு வெள்ளைக்காரத் துரை செம்பு தேடிக் குழி வெட்டி, ஒன்றும் தேறாமல் விட்டுப்போன இடம் அது. வெளியே கொட்டிய மண் வெளிர்பச்சையாக, மாவாய் உதிர்ந்து கிடந்தது.

“அங்கன ஒரு புல்லுகூட இல்லையே, பாத்தீகளா?” என்றேன்.

“களை வெட்டுற வேலை மிச்சம்னு நெனச்சுக்க” என்றார். நானும் சிரித்துத் தொலைத்தேன். இருபது வண்டி அடித்து உழுதோம்.

விதைத்த சோளம் விரலளவு முளைத்து, மஞ்சளாகி, படுத்துவிட்டது. பழி என் தலையில் விழுந்தது. எங்கள் ஊரில் விதையை மாதா கோயில் பீடத்தடியில் வைத்து, பங்குச் சாமியார் மந்திரித்த பிறகே விதைப்பார்கள். கொண்டுபோவது வீட்டுப் பெண்ணின் வேலை. விதைப்புக்கு முந்தின ஞாயிறு எனக்குக் குளிர்காய்ச்சல், போகவில்லை. மந்திரிக்காத விதை எப்படி விளங்கும் என்று ஊரே கேட்டது. என் வீட்டுக்காரரும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் புஞ்சையின் கிழக்கு மூலையில், வண்டி மண் விழாத இடத்தில் மட்டும் அதே விதை பச்சைப்பசேலென்று நின்றது. ஆண்டவர் கோபம் மூலை பார்த்தா விழும்?

புல்லறுக்கும் சாக்கில் அந்தக் குழிக்கே போனேன். உள்ளே நீலப்பச்சையாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. அரிவாளை அதில் போட்டுவிட்டு வெகுநேரம் வேடிக்கை பார்த்தேன். எடுத்தால், இரும்பு அலகில் செம்புக்குடத்தின் சிவப்பு படிந்திருந்தது. ஈயம் பூசாத செம்புச் சட்டியில் புளி கரைத்தால் களிம்பேறிக் குடலைப் புரட்டும் என்பது அடுப்படியில் நிற்கும் எவளுக்கும் தெரியும். மண்ணுக்கும் களிம்பேறுமோ?

உடைந்த மண்சட்டி இரண்டு எடுத்தேன். ஒன்றில் கொல்லை மண், எங்கள் மந்திரிக்காத விதை. மற்றதில் துரையின் மண், ஓரகத்தியிடம் வாங்கிய மந்திரித்த விதை. அடுப்பில் சோறு குழைந்தது தெரியாமல் நாளுக்கு நாலு தரம் எட்டிப் பார்த்தேன். பத்தாம் நாள் கொல்லை மண்ணில் பயிர் நிமிர்ந்து நின்றது. மந்திரித்தது மஞ்சளாகிச் சாய்ந்திருந்தது.

இரண்டையும் புஞ்சைக்குத் தூக்கிப்போய் அவர் முன்னால் வைத்து, எதில் எந்த விதை என்று சொன்னேன். மாறி மாறிப் பார்த்தார்.

“ஒம்மேல தப்பில்ல” என்றார். பிறகு குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். பழைய மண்ணும் பச்சை மண்ணும் உழவில் ஒன்றாய்க் கலந்துபோயிருந்தன. “இத எப்புடிப் பிரிக்கிறது?” என்று என்னையே கேட்டார்.

பழி நீங்கியதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அடுத்த ஞாயிறு கோயிலில் முழந்தாளிட்டபோது, தப்பு என்னுடையதாகவே இருந்திருக்கக்கூடாதா என்று ஏங்கினேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, மறுவருஷம் அதே புஞ்சையில் விதைத்திருக்கலாம்.