அரிசி வாளிக்குள் ஒரு மோட்டார்

மூதூரிலிருந்து அந்த மெசினை லோஞ்சுப் படகில் கொண்டுவந்த நாளில் மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனது பாசத்தால்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இரட்டைப் பின்னல் போட்ட ஒன்பது வயதுப் பிள்ளையொன்று பக்கத்தில் நின்றால் படகுத்துறை ஜெற்றியில் ஆமிக்காரரின் கேள்விகள் குறையும் என்பது அவருடைய யோசனை. அந்த நாட்களைச் சமாதான காலம் என்று சொன்னார்கள். சண்டை நின்றிருந்தது, செக்கிங் நிற்கவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் ஊரின் ஓர்ஸ் ஹில்லில் இருந்த அரசாங்கக் கந்தோர்களின் கொம்பியூட்டர்களையும் பிரிண்டர்களையும் திருத்துவது அவர் தொழில். மூதூரில், வெளிநாட்டில் உழைத்துத் திரும்பிய ஒருவர், அங்கே வாங்கிய சிறிய மில்லிங் மெசின் ஒன்றை நெல் மூட்டைகளுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். தையல் மெசினைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே வெட்டுக்கத்தி சுழலும். கீழே இரும்பைப் பூட்டிய சின்ன மேசையைக் கைச்சில்லு என்ற சின்னச் சக்கரங்களைச் சுற்றிச் சுற்றி நகர்த்தினால், கத்தி தேவையில்லாததைச் சீவித் தள்ளும்.

“நல்ல சாமான், தம்பி. எனக்குத்தான் இதோட மினக்கெட நேரம் வரல்ல. ஆருக்கு வாங்குறீங்க?”

“அத்தானுக்கு, நானா” என்று மாமா அந்த முஸ்லிம் அண்ணனிடம் சொன்னார்.

அந்த மனிதர் அப்பாவை அறிந்திருந்தார். மெசினை லோஞ்சு வரைக்கும் தானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்தார்.

அப்பா துறைமுகப் பக்கத்துப் பட்டறையொன்றில் எஞ்சின் பொருத்தும் பிற்றராக இருந்தவர். படகு எஞ்சின்களுக்கு எந்தக் கடையிலும் கிடைக்காத பாகங்களை அவர் தன் கையாலேயே செய்து கொடுப்பாராம். ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டு போய் எட்டு மாதம் வைத்திருந்து பிறகு விட்டார்கள். திரும்பி வந்தபோது அவருடைய கைகள் நடுங்கின. எங்கள் வீட்டில் யாரும் அதைப்பற்றிக் கதைப்பதில்லை. அம்மா அவருக்குத் தேத்தண்ணியை அரைக் கோப்பைதான் ஊற்றுவார். தெருவில் சீருடை தெரிந்தால் அப்பா எழுந்து அடுப்படிக் குசினிக்குள் போய்விடுவார்.

மெசின் வந்த வாரம் அப்பா நாள் முழுக்க அதோடுதான் இருந்தார். துடைத்தார், எண்ணெய் விட்டார், கைச்சில்லுகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெட்டிய துண்டுகளின் ஓரங்களெல்லாம் எலி கடித்ததுபோல இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக வேலிக்கு அப்பால் எறிந்தார். அப்போது எனக்கு அதன் அர்த்தம் விளங்கவில்லை. அவர் சீட்டியடித்ததுதான் கேட்டது.

அடுத்த வாரம் மாமா கைச்சில்லு மூன்றையும் கழற்றினார். கைவிடப்பட்ட பெரிய பிரிண்டர்களிலிருந்து எடுத்த மூன்று மோட்டார்களை அந்த இடங்களில் பூட்டப்போவதாகச் சொன்னார். கொம்பியூட்டரில் பிரிண்டர் வயர் செருகும் இடத்திலிருந்து ஒரு வயர் வரும். எழுத்தும் இலக்கமுமாகக் கட்டளை அடித்தால், மோட்டார்கள் கணக்காக அந்தளவு தூரம் மேசையைத் தள்ளும்.

“கொம்பியூட்டருக்குத் தான் கடிதம் அடிக்கிறன் எண்ட நினைப்பு. இஞ்சால இரும்பு வெட்டுப்படும்” என்று மாமா சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அப்பா பிடிப்பதற்கு இருந்ததையே கழற்றிவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரம். மாமா இரண்டு மோட்டார்களைப் பூட்டி முடித்த அன்று, மூன்றாவதை எடுத்து அரிசி வாளியின் அடியில் புதைத்து வைத்தேன். மாமா மூன்று நாள் வீடு முழுக்கத் தேடினார். பூனையைக்கூடச் சந்தேகப்பட்டார்.

நான்காம் நாள் காலையில் ஓர் அதிகாரியும் சிப்பாய்களுமாகச் செக்கிங் வந்தது. ஒருவன் வழக்கம்போலக் கம்பியை அரிசிக்குள் விட்டுக் கிண்டினான். கம்பி எதிலோ முட்டியது. கையை விட்டு எடுத்தான். நாலு நிற வயர்கள் தொங்க, அரிசி ஒட்டிய மோட்டார்.

குண்டுக்கான சாமான் என்று நினைத்திருப்பார்கள், துவக்குகள் எங்கள் பக்கம் நீண்டன. மாமா ஏதோ சொல்லத் தொடங்கினார், சொற்கள் இடறின. அம்மா என்னை இழுத்துச் சேலையோடு அணைத்துக்கொண்டார். அப்போதுதான் குசினிக்குள் நின்ற அப்பா வெளியே வந்தார். அதிகாரிக்கு முன்னால் நின்று சிங்களத்தில் நிதானமாகக் கதைத்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அதிகாரி அரிசி வாளியைக் காட்டிக் கேட்டது மட்டும் விளங்கியது.

“நான்தான் ஒளிச்சனான்” என்றேன்.

“ஏன் பிள்ளை?” என்றார் அப்பா.

“மாமா உங்கட கைச்சில்லைக் கழட்டிப்போட்டார். பிறகு நீங்கள் எதைப் பிடிக்கிறது?”

அப்பா திரும்பி அதிகாரியிடம் ஏதோ இரண்டு வசனம் சொன்னார். அதிகாரி அப்பாவின் கைகளைப் பார்த்தார். மெசின் வேலை செய்வதைக் காட்டச் சொன்னார்.

மோட்டாருக்கு நாலு திருகாணி. மாமா கையை நீட்டினார், அப்பா கொடுக்கவில்லை. முதல் இரண்டு ஆணிகளும் ஏறின. மூன்றாவது கைநழுவி விழுந்தது. எடுத்தார், திரும்பவும் விழுந்தது. பக்கத்தில் நின்ற இளம் சிப்பாய் குனிந்து அதை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அப்பா தயாராகும்வரை காத்திருந்தான்.

கொம்பியூட்டர் அவசரப்படவில்லை. கர்கரென்று இரைந்து, தன் வரவேற்பு இசையை முழுதாக வாசித்து முடித்தது. அத்தனை துவக்குகளும் அதற்காகக் காத்து நின்றன. அம்மாவின் வெள்ளைப் பிளாஸ்டிக் வெட்டுப்பலகையை மாமா மேசையில் பூட்டினார். ஒரு கட்டளை அடித்தார்.

மேசை தானாக நகர்ந்தது. முன்னுக்கும் பக்கத்துக்கும் ஒரே நேரத்தில், நிற்காமல் சறுக்கிக்கொண்டு போனது. பலகையிலிருந்து ஒரு வட்டம் கழன்று விழுந்தது. அதிகாரி எடுத்து விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். எங்கும் கரடு தட்டுப்படவில்லை. மோட்டாரைப் பற்றிய விபரங்களை எழுதிக்கொண்டு, வட்டத்தை அப்பாவிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள்.

“அத்தான், உங்கட பழைய கையாலயும் இப்பிடி வட்டம் வெட்ட ஏலாதுதானே?” என்றார் மாமா.

“ஓம். ரெண்டு சில்லையும் ஒரே கணக்கில சுத்த எந்தக் கையாலயும் ஏலாது” என்றார் அப்பா. சொல்லிவிட்டு அந்த வட்டத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

உப்புவெளியிலிருந்து படகு எஞ்சின்காரர்கள் மறுபடி அப்பாவைத் தேடி, இப்போது எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். நான் மட்டும் மெசின் இருந்த அறைப் பக்கம் போகவில்லை. என் பிழையால் அப்பாவைத் திரும்பவும் கொண்டுபோயிருப்பார்கள் என்று அம்மா மாமாவிடம் சொன்னதைக் கேட்டுவிட்டேன். சோறு இறங்கவில்லை. அரிசி வாளியைக் கண்டாலே விலகிப் போனேன்.

ஒரு பின்னேரம் அப்பா கூப்பிட்டார்.

“பிள்ளை, இஞ்ச வா. எனக்குக் கண் மங்கலாக் கிடக்கு. கொப்பியில மாமா எழுதின இலக்கத்தை நீ வாசி, நான் அடிக்கிறன்.”

பக்கத்தில் எனக்கு இருக்கக் கதிரை போட்டிருந்தார். நான் வாசித்தேன். அவர் ஒவ்வொன்றாக அடித்தார். விரல் நடுங்கி ஓர் எழுத்து இரண்டு தரம் விழுந்தால் அழித்துவிட்டு மறுபடி அடித்தார். மெசின் ஓடி முதல் துண்டை வெட்டித் தந்தபோது, “பார், நீயில்லாட்டி இது ஏலாது” என்றார். அன்றிரவு இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த வருடம் முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து அப்பாவின் கண்ணாக இருந்தேன். வேலை முடிந்ததும் அப்பா தன் கதிரையில் சாய்ந்து, பேப்பரின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்து விளம்பரங்கள்வரை கண்ணாடியில்லாமல் வாசித்துக்கொண்டிருப்பார். நான் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் அப்படி வாசிப்பதில் ஏதோ வித்தியாசம் இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.