ஆளுக்கு இரண்டு இடியப்பம்

போன மாரியில் ஒரு நாள், லண்டன் செவன் கிங்ஸிலுள்ள எங்கள் வீட்டுக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை பளிச்சென்று தோன்றியது. மறுநாள் அக்காவைப் பெண் பார்க்கத் தோர்ண்டன் ஹீத்திலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. பல காலம் சுவீடனில் இருந்துவிட்டு லண்டன் வந்தவர்கள். படத்தைப் பார்த்தே அக்காவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. எப்படியாவது இது சரிவர வேண்டும். கைபேசியில் சுவீடனைத் துருவியதில் ஒரு சொல் அகப்பட்டது: லாகொம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அளவானது என்று பொருள். அந்த நாடே இந்தச் சொல்லில்தான் ஓடுகிறதாம்! நாளைய விருந்தையும் லாகொமாக வைத்தால் என்ன?

அம்மா விருந்தென்றால் அண்டாவைத்தான் முதலில் இறக்குவார். "அவை சுவீடன்காரர் அம்மா, இவ்வளவத்தையும் கண்டால் பயந்துபோவினம்" என்றேன். அக்காவின் கலியாணம் என்றதும் அம்மா அடங்கிவிட்டார். மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு இடியப்பம், ஓர் அகப்பை கறி, மேசை நடுவே மெழுகுதிரி. எனக்கே என்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

மணி அடித்தது. மாப்பிள்ளை, தாய், தகப்பன். அவர்களுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் சித்தப்பா குடும்பம். கார் நிறுத்த இடம் தேடிப்போன அவரின் மாமா குடும்பம் இன்னும் வரவேண்டுமாம். சுவீடனில் இருந்தால் என்ன, பெண் பார்க்கத் தமிழர் தனியாகவா வருவார்கள்?

இருந்ததைப் பிய்த்துப் பங்கிட்டோம். மாமா தட்டை வழித்துவிட்டு, "ருசி பார்க்கத் தந்தது நல்லாயிருக்கு. இனிச் சாப்பிடுவமே?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்த பார்வை! "எடி, என்ரை கலியாணத்தையும் அளவாய் முடிச்சுப்போட்டாய்" என்று அக்கா காதுக்குள் சீறினாள். அவள் கண் கலங்கியிருந்தது. வேறு வழி தெரியாமல், "இது... லாகொம்" என்றேன் சபைக்கு.

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். "அது குறைவு எண்ட சொல் இல்லைத் தங்கச்சி. தேத்தண்ணிச் சூடு லாகொம், காலுக்குச் சப்பாத்து லாகொம், வேலைக்கு நடக்கிற தூரம் லாகொம் எண்டு சொல்லுவம். பசியோடை இருக்கிற மாமாவிட்டைச் சொல்ல ஏலாது!" பிறகு எழும்பி, "கிட்டடியிலை கொத்து ரொட்டிக் கடை இருக்கோ?" என்று கேட்டார். வழிகாட்ட அக்கா போனாள்.

இல்லையென்றால் இருவரும் சோபாவில் கார்ப்பெட்டைப் பார்த்தபடியே இருந்திருப்பார்கள். இப்போதோ மழைக்குள் ஒரே குடையில் போனார்கள். ஐந்து நிமிட நடையில் இருக்கிற கடைக்குப் போனவர்கள் திரும்பி வர மாமாவுக்குப் பசி மயக்கமே வந்துவிட்டது. கை நிறையப் பைகள், முகம் நிறையச் சிரிப்பு. மாப்பிள்ளையின் தாய் குவிந்த மேசையையும் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓம், இப்பதான் லாகொம்" என்றார். சம்பந்தம் முடிவாயிற்று.

அளவு என்பது பாத்திரத்தில் இல்லை, வந்திருக்கிறவர்களில் இருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது. அந்தத் துணிவில், கலியாணச் சாப்பாட்டுக்கு ஆள் கணக்குப் பார்க்கிற பொறுப்பை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். அழைக்காமல் வாசலில் நிற்பவருக்கும் போதுமான ஒரு லாகொமைச் செய்து பார்க்கப் போகிறேன், அம்மா எதற்கும் அண்டாவைக் கழுவி வைத்திருந்தாலும்.