குட்டிக்குக் காட்டிய எழுபத்திரண்டு பேர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தை மாதம் அறுவடை முடிந்த கையோடு, எங்கள் வீட்டுக்கு ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி வந்தது. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய ஊர் எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் கொல்லை, கொல்லை வேலியைத் தாண்டினால் வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் எங்கள் வயல். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். வீட்டில் நானும் என் மனைவியும்தான். வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகையில் இரண்டு முறை கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்து, "நல்ல ஜாதி நாயா ஒண்ணு வாங்குங்கப்பா" என்று மகன் போனில் நச்சரிக்க ஆரம்பித்தான்.

நான் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியன். பாடக்குறிப்பு எழுதாமல் ஒரு நாளும் வகுப்புக்குள் நுழைந்ததில்லை. அந்தப் புத்தி எங்கே போகும்? குட்டி வருவதற்கு இரண்டு மாதம் முன்பே நீளமான நோட்டு ஒன்று வாங்கி, அட்டை போட்டு, கோடு கிழித்து உட்கார்ந்துவிட்டேன். எந்த வயதில் என்ன சாப்பாடு, எப்போது எந்த ஊசி, எந்த மாதத்தில் உட்காரச் சொல்லித்தர வேண்டும் என்று வீடியோ பார்த்துப் பார்த்து எழுதினேன். வேப்பமர நிழலில் சிமென்ட் தளம் போட்டு ஒரு கூண்டு கட்டினேன். சித்திரை வெயில் தாங்காதே என்று அதன் மேல் கீற்றும் வேய்ந்தேன். "நம்ம புள்ள பொறந்தப்பகூட நீங்க இவ்வளவு பண்ணல" என்று என் மனைவி இடித்துக்காட்டினாள். உண்மைதான்.

முதல் ஊசிக்குப் போனபோது கால்நடை டாக்டர் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். இது வளர்ந்தால் முப்பத்தைந்து கிலோ வரும், விளையாட்டு இல்லை. முதல் நான்கு மாதத்துக்குள் எல்லா விதமான மனிதர்களையும் அதற்குக் காட்டிவிட வேண்டும், அவர்கள் கையால் ஒரு வாய் தீனி வாங்கித் தின்ன வேண்டும். "சின்னதுல பாக்காத ஆள, பெருசானப்பறம் அது ஆளாவே மதிக்காது சார்" என்றார்.

அன்றைக்கே நோட்டில் புதுப் பக்கம் திறந்து, 'குட்டிக்குப் பழக்க வேண்டியவர்கள்' என்று தலைப்புப் போட்டேன். தபால்காரர், பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர், மின்சார மீட்டர் பார்ப்பவர், குருக்கள், என்னோடு வேலை பார்த்த ஆசிரியர்கள், சொந்தக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், தடி ஊன்றி நடப்பவர் என்றுகூடத் தனித்தனியாக எழுதினேன். தாடி வைத்தவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை. அதற்காக அதிராம்பட்டினத்தில் தேங்காய் வியாபாரம் செய்யும் பழைய சிநேகிதரைக் கூப்பிட்டேன். மனிதர் இரண்டு பஸ் மாறி வந்து, குட்டிக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டு, "என் தாடிக்கு இப்படி ஒரு மரியாத கெடைக்கும்னு நெனைக்கலங்க" என்று சிரித்தார். பட்டியலில் மொத்தம் எழுபத்திரண்டு பேர். நான்கு மாதத்துக்குள் எழுபத்திரண்டுக்கும் டிக் போட்டுவிட்டேன். டாக்டரிடம் நோட்டைக் காட்டியபோது, இப்படி ஒருவரை நான் பார்த்ததே இல்லை என்று பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் வயலுக்கு இருபத்தெட்டு வருடமாக நடவுக்கு ஆள் கூட்டி வரும் அம்மா ஒருவர் உண்டு. கீழத்தெருக்காரர். நடவு, களையெடுப்பு, அறுப்பு எல்லாவற்றுக்கும் அவரும் அவரோடு வரும் பெண்களும்தான். வேலை நாட்களில் காலையில் வந்து, வேலிக்கு அந்தப் பக்கமே நின்று "சார்" என்று குரல் கொடுப்பார். காப்பியும் வேலியைத் தாண்டித்தான் அவர்களுக்குப் போகும். உள்ளே வராதே என்று நான் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை.

குட்டிக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு மதியம், அந்த அம்மா வேலிக்கு மேலே கையை நீட்டி, "சார், குட்டிய ஒருவாட்டி தூக்கிப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டார். "ஊசி போட்டிருக்கும்மா, வெளியாளுங்க தொடக்கூடாது" என்றேன். "ஆமாங்க சார், கையெல்லாம் சேறு" என்று அவரே சிரித்துக்கொண்டு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். அன்று சாயந்திரம் என் மைத்துனர் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேர் அந்தக் குட்டியைத் தூக்கிக் கொஞ்சினார்கள். ஐந்து டிக் போட்டேன்.

குட்டி வளர வளர, வாசலில் யார் வந்தாலும் வாலாட்டியது. கொல்லை வேலிப் பக்கம் தலை தெரிந்தால் மட்டும் கூண்டே அதிரக் குரைத்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்படிக் குரைக்கும்போதெல்லாம் தட்டிக்கொடுத்து பிஸ்கட் போட்டேன். கேபிள் திருடன் அந்த வழியாகத்தானே வருவான் என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன்.

அந்த வருடம் புரட்டாசிக் கடைசியில் சம்பா நடவு நடந்தது. இரண்டாம் நாள் காலை, நடைப்பயிற்சிக்காக நாயைக் கூண்டிலிருந்து திறந்து விட்டிருந்தேன். வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு அந்த அம்மா ஓடி வந்தார். இருபத்தெட்டு வருடத்தில் அன்றுதான் முதல் தடவையாக உள்ளே வருகிறார். "சார், மேல மடை ஒடஞ்சுபோச்சு! நட்ட வயலுக்குள்ள தண்ணி எறங்குது!" என்று கத்திக்கொண்டே வந்தார். அவருக்கு என்ன வந்தது? வயல் என்னுடையது. வரப்பில் நின்று வேடிக்கை பார்த்திருந்தால் அவருடைய கை பிழைத்திருக்கும்.

நாய் பாய்ந்தது. நான் எட்டு மாதமாகச் சொல்லிக்கொடுத்த 'ஸ்டாப்' அதன் காதிலேயே ஏறவில்லை. நான் ஓடிப்போய்க் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் அவருடைய வலது கை மணிக்கட்டோடு அதன் வாயில் இருந்தது. நடவு நடுகிறவர்களுக்கு அந்தக் கைதான் எல்லாம். இடது கை நாற்று முடியைப் பிடிக்கும், வலது கைக் கட்டைவிரல்தான் நாற்றைச் சேற்றில் ஊன்றும்.

காரில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்பார்களே என்று கிளம்பும்போதே நோட்டை எடுத்துக்கொண்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அது ஒரு சமாதானம். அவருடைய மகள் தஞ்சாவூரிலேயே நர்ஸ். என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்த பெண். டியூட்டி உடையோடு ஓடி வந்தவள் என் கையிலிருந்த நோட்டை வாங்கி ஊசித் தேதிகளைப் பார்த்தாள். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அந்தப் பட்டியலில் அவள் விரல் மெதுவாக மேலிருந்து கீழே இறங்கியது. தேர்வுத்தாளைத் திருத்தும் வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி நான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஊசியெல்லாம் கரெக்டா போட்டிருக்கீங்க சார்" என்றாள். பட்டியலில் வைத்த விரலை எடுக்காமலே, "கேஸ்காரர் வரைக்கும் எழுதியிருக்கீங்க. எங்கம்மா இல்லையே சார்?" என்றாள்.

"விட்டுப்போச்சும்மா" என்றேன்.

அவள் நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் எனக்குத் தெரியும், நான் சொன்னது பொய். கேஸ்காரர் மாதம் ஒரு தடவை வருகிறவர், அவர் விட்டுப்போகவில்லை. நோட்டை வைத்துக்கொண்டு, யார் யார் மனிதர்கள் என்று நாள் கணக்கில் உட்கார்ந்து யோசித்தவன் நான். நான் சாதி பார்க்கிறவன் இல்லை என்று முப்பத்தைந்து வருடமாக வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தவனும் நான்தான். நாய் பாவம், வாத்தியார் சொல்லிக்கொடுத்ததைப் பிசகாமல் படித்திருந்தது.

இரண்டு ஆபரேஷன் நடந்தது. கட்டைவிரல் மடங்கவே இல்லை. அந்த அம்மா நடவுக்குப் போவதை விட்டுவிட்டார். ஒரு தடவை வீடு தேடிப் போனேன். "உக்காருங்க சார்" என்று நாற்காலி போட்டார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடியே இருந்தார்.

இப்போது கூடப் பழக்கலாம், பொறுமையாகச் செய்ய வேண்டும் என்றார் கால்நடை டாக்டர். அடுத்த நடவின்போது வரப்புக்குப் போய், ஆளுக்கு ஒரு நாள் வீட்டுக்கு வந்து நாய்க்குத் தீனி கொடுக்க முடியுமா என்று அந்தப் பெண்களிடம் கேட்டேன். முன்வாசல் வழியாகவே வாருங்கள் என்றும் சொன்னேன். அவர்கள் நிமிராமல் நட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி மட்டும், "எங்களுக்கு எதுக்கு சார் ஒங்க நாயோட பழக்கம்?" என்றாள்.

நாய் இன்னும் இருக்கிறது, இப்போது எப்போதும் சங்கிலியில். நோட்டும் அலமாரியில் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துத்தான் அந்த அம்மாவின் முழுப் பெயரே எனக்குத் தெரிந்தது. அதை எழுபத்து மூன்றாவதாக எழுதி வைத்திருக்கிறேன். எழுபத்திரண்டு பெயர்களுக்கு நேரே சிவப்பு மையில் டிக் போட்ட என் கை, அந்த ஒரு பெயருக்கு நேரே வரும்போது இன்றைக்கும் நின்றுவிடுகிறது.