எல் பாசோவில் ஆறு வாரம்: வறண்ட காற்றும் மூன்றாவது லாட்டும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டி எல் பாசோ என்ற நகரம் இருக்கிறது. திருப்பூரிலிருந்து அங்கே போகிற ஆட்கள் குறைவு, போகிற சரக்கு அதிகம். ஒரு சரக்கின் பின்னால்தான் நானும் போனேன். கடந்த ஆண்டு ஏப்ரல் கடைசியில் கிளம்பி ஜூன் தொடக்கத்தில் திரும்பினேன். பையர், அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், கூப்பிட்டது என்று கம்பெனி அனுப்பி வைக்கும் மெர்ச்சண்டைசர்களுக்கும் குவாலிட்டி ஆட்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். சுற்றுலாவாகப் போகிறவர்களுக்கும் இடையிடையே ஏதாவது கிடைக்கலாம்.

அப்போது நான் திருப்பூர் ராயபுரத்தில் அலுவலகம் வைத்திருந்த ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் பரிசோதனைக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்தது டெக்ஸ்டைல், வேலையில் இருபது வருடத்துக்கு மேல். மூன்று லாட் டி-ஷர்ட்டுகள் அனுப்பியிருந்தோம். லாட் என்றால் ஒரே தடவையாகச் சாயம் போட்ட துணி. ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம் இருக்க வேண்டும், 171 வரை குறைந்தால் ஏற்பார்கள் என்பது ஒப்பந்தம். 176 என்று என் கையெழுத்தோடு ரிப்போர்ட் போயிருந்தது. பையரின் எல் பாசோ கிடங்கில் நிறுத்துப் பார்த்து 170கூட வரவில்லை என்று மூன்று லாட்டையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். சரக்கு திரும்பினால் அடுத்த சீசன் ஆர்டர் கிடையாது. அந்த ஆர்டரை நம்பி இரண்டு ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குக் காரணம் புரிந்த மாதிரிதான் இருந்தது. பருத்தி காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். அதனால்தான் பரிசோதனைக் கூடத்தில் ஈரப்பதத்தை ஒரே அளவில் வைத்து, துணியை ஒரு நாள் அங்கே போட்டு வைத்த பிறகு நிறுக்கிறோம். எல் பாசோ பாலைவனம். அங்கே திறந்த கிடங்கில் நிறுத்தால் அதே துணி ஏழு கிராம் குறைத்துக் காட்டும். இதை முதலாளியிடம் சொன்னேன். கந்தசாமி என்று வைத்துக்கொள்வோம்.

"அப்புறமென்னங்க மேடம், கெளம்புங்க. அந்தக் காத்தைக் கையோட புடிச்சுக் காட்டிப்போட்டு வாங்க" என்றார்.

திருப்பூரிலிருந்து கோவை விமான நிலையத்துக்கு டாக்சி 1,500 ரூபாய். அங்கிருந்து சென்னை, தோஹா, டாலஸ், எல் பாசோ. காத்திருப்பையும் சேர்த்து 34 மணி நேரம். போக வர டிக்கெட் 1,32,000 ரூபாய். வியாபாரப் பயணத்துக்கான பி-1 விசா போதும், சம்பளம் அங்கே வாங்கக்கூடாது, அவ்வளவுதான். துணியை வட்டமாக வெட்டும் கருவியில் பிளேடு இருப்பதால் அதைப் பெரிய பெட்டியில் போடுங்கள். டாலஸில் குடியேற்ற அதிகாரி, "டி-ஷர்ட்டை எடை போடவா இவ்வளவு தூரம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார், முத்திரை குத்திவிட்டார்.

ஓட்டலில் ஆறு வாரம் தங்கக் கட்டுப்படியாகாது. பல்லடத்துக்காரி வாசுகி, கணவரின் மருத்துவமனை வேலைக்காக அங்கே குடியேறி ஒன்பது வருடமாகிறது. நகரின் கிழக்குப் பக்கத்தில் அவர்கள் வீட்டில் ஒரு அறையை மாதம் 550 டாலருக்கு எடுத்துக்கொண்டேன். கிடங்கு அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். பேருந்து ஒன்றரை டாலர்தான், ஆனால் மணிக்கு ஒன்றுதான் வரும், அதுவும் அது நினைத்தால். நிறுத்தத்தில் நிழல் கிடையாது. தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் வெளியே இறங்காதீர்கள்.

ஊரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது காற்றுதான். மே மாதத்தில் மதியம் கிளம்பும் புழுதிக்காற்று எதிரில் நிற்கும் மலையையே மறைத்துவிடும். துவைத்த துணி கொடியில் போட்ட அரை மணியில் மொடமொடவென்று காய்ந்துவிடுகிறது. உதடு வெடிக்கிறது, கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. இட்லி மாவின் மேல் ஆடை படிகிறது. எல்லை ஆறு என்று பெரிதாகக் கேள்விப்பட்டிருந்தேன். நான் பார்த்தபோது நகரத்துக்குள் அது கான்கிரீட் வாய்க்காலில் மணலாகக் கிடந்தது. நம் நொய்யலில்கூட இதைவிடத் தண்ணீர் ஓடும், நிறத்தைப் பற்றிப் பேச வேண்டாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரம். வேலி இல்லாவிட்டால் இரண்டையும் ஒரே ஊர் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

கிடங்கில் எனக்குத் துணையாகப் போட்டவர் ரோசா. தரப் பரிசோதகர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பிறந்தது எல் பாசோவில், வீடு ஹுவாரெஸில். வாடகை குறைவு என்பதால் தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வருகிறார். எல் பாசோ ஒரு காலத்தில் ஜீன்ஸ் தைக்கும் ஊர். ரோசாவும் ஜீன்ஸ் தைத்தவர்தான். தொழிற்சாலைகள் எல்லையைத் தாண்டிப் போனபின் கிடங்குக்கு மாறியிருக்கிறார். என்னை "இன்ஹெனியெரா" என்று கூப்பிட்டார். அங்கே பொறியியல் படித்தவரைப் பட்டத்தால் அழைப்பது மரியாதை. நாம் மேடம் போடுவது போல.

முதல் வாரம் முழுவதும் கார்டன் எனப்படும் அட்டைப்பெட்டிகளைத் திறந்து, வெட்டி, நிறுத்தோம். முதல் இரண்டு லாட்டும் 169 காட்டின. நான் எதிர்பார்த்ததுதான். மூன்றாவது லாட் 159 காட்டியது. வேறு கார்டனை எடுத்தேன், 159. கருவியை மாற்றினேன், அப்போதும் 159. பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி வைத்த அட்டைப்பெட்டிகள். காற்று ஒரு லாட்டிலிருந்து மட்டும் பத்து கிராம் கூடுதலாக எடுத்துக்கொண்டு போகாது.

அங்கே காலை எட்டு மணி என்றால் நமக்கு இரவு ஏழரை. மறுநாள் காலை கந்தசாமியைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க மேடம், சாப்பாடெல்லாம் ஒத்துக்குதுங்களா?"

"ஒத்துக்குது சார். மூணாவது லாட் எங்க ஓடுச்சு?"

"நம்ம மெஷின்லதானுங்க."

"நம்ம மெஷின்ல ஓடியிருந்தா மத்த ரெண்டு மாதிரி இருந்திருக்கும்."

"வெளிய குடுத்ததுங்க. அவசரம். நூலைக் கொஞ்சம் மிச்சம் பண்ணிட்டாங்களாட்ட இருக்குது."

"எனக்கு டெஸ்ட்டுக்கு வந்த துணி 176 இருந்துச்சே, அது எங்கிருந்து வந்துச்சு?"

"இப்ப அதெல்லாம் எதுக்குங்க? காத்து காஞ்சிருக்குதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. மூணுக்கும் அதே காத்துதானுங்களே?"

"அதே காத்துதான் சார். அதனாலதான் கேக்கறேன்."

வேறு ரோலிலிருந்து வெட்டிய துணியைக் கொடுத்து மூன்றாவது லாட்டுக்கு என் கையெழுத்தை வாங்கியிருக்கிறார்கள். அன்று பேருந்துக்குக் காத்திருக்காமல் ஆறு கிலோமீட்டரும் நடந்து போனேன். அந்த ஊரில் அப்படி நடப்பது நல்ல யோசனை இல்லை. நடைபாதை பாதியில் முடிந்துபோகும்.

கிடங்கின் மேலாளர் காற்று பற்றிய என் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டார். என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, ஈரப்பதம் சரியாக வைத்த வெளி ஆய்வகத்துக்குத் துணி போக வேண்டும் என்றார். அது நியாயம். அவருடைய மேலிடத்தின் அனுமதி வந்து, அனுப்பி, முடிவு வர ஒரு மாதமாகலாம். நான் இருந்து முடித்துவிட்டுப் போவது என்று தீர்மானித்தேன். அனுமதிக்கே பத்து நாள் ஆனது.

இடையில் ஒரு சனிக்கிழமை வாசுகி குடும்பத்தோடு வெள்ளை மணற்குன்றுகள் பார்க்கப் போனேன். பக்கத்து மாநிலம், காரில் இரண்டு மணி நேரம். இடம் பார்க்கத் தகுந்தது. காலையிலேயே போய்விடுங்கள். திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் எல்லைக் காவலரின் சோதனைச் சாவடி. நாம் எந்த நாட்டு எல்லையையும் தாண்டியிருக்க மாட்டோம், ஆனாலும் அந்தப் பகுதியில் இப்படி நிறுத்துவார்கள். பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். நான் பாஸ்போர்ட்டைப் பத்திரமாக அலமாரியில் பூட்டிவிட்டு, லேமினேட் செய்த ஜெராக்ஸைக் கொண்டு போயிருந்தேன். நம்மூரில் எல்லோரும் செய்வதுதான். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பது நிமிடம் ஓரமாக உட்கார வைத்து, கணினியில் தேடி, கண்டித்து அனுப்பினார்கள்.

"அக்கா, லேமினேசன் நல்லா பண்ணியிருக்காங்க. ஃப்ரேம் போட்டு மாட்டீரலாம்" என்றாள் வாசுகி. வீடு வரும்வரை அவள் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டி ஓட்டினார்.

அடுத்த ஞாயிறு ரோசாவோடு ஹுவாரெஸ் போனேன், இம்முறை அசல் பாஸ்போர்ட்டோடு. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. பாலத்தில் சில்லறைக் காசு போட்டு நடந்தே போகலாம். பத்து நிமிடம். திரும்பி வர வரிசையில் ஒன்றரை மணி நேரம். ஊர் பற்றிப் பயமுறுத்துவார்கள். பகலில், ஊர்க்காரர் ஒருவரோடு, முக்கியத் தெருக்களில் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் தனியாகப் போயிருக்க மாட்டேன். ரோசா வீட்டில் சோள அடையும் பச்சை மிளகாய்ச் சாறும் சாப்பிட்டேன். "உங்களுக்குக் காரம் தாங்குமா?" என்று கேட்டார். இரண்டாம் முறை அவர் கேட்கவில்லை.

அன்று வாசுகி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கந்தசாமியின் அழைப்பு. மேலாளர் அவருக்கும் தகவல் அனுப்பியிருந்தார். ஆய்வகத்துக்கு மொத்தம் மூன்று உருப்படிகள், நானே தேர்ந்தெடுக்கலாம், தேறினால் முழுச் சரக்கையும் எடுத்துக்கொள்வார்கள். லாட்டுக்கு ஒன்று என்று அதில் இல்லை. சீசன் நெருங்கியதால் மேலாளருக்கும் சரக்கு நகர்ந்தால் போதும் என்றிருந்தது.

"எடுக்கறது உங்க கைலதானுங்களே மேடம்" என்றார் கந்தசாமி. "முதல் ரெண்டுலயே மூணையும் எடுத்துருங்க. பொய் சொல்லச் சொல்லலீங்க. சும்மா இருந்தாப் போதும்."

"சும்மா இருக்கறதுக்கு இவ்வளவு தூரம் எதுக்கு வரோணும் சார்?"

"உங்களுக்கென்னங்க, படிச்சவங்க, எங்க போனாலும் வேலை. லைன்ல உக்காந்து தைக்கறவங்களை நெனச்சுப் பாத்தீங்களா?"

நினைத்துப் பார்த்தேன். மூடிப்போன ஜீன்ஸ் தொழிற்சாலை ஒன்றைத் தாண்டித்தான் தினமும் பேருந்து போகும். ஆர்டர் போனால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காற்று பற்றி நான் சொன்னது உண்மை. முதல் இரண்டு லாட்டையும் அந்த உண்மைதான் காப்பாற்றப் போகிறது. அதையே மூன்றாவதுக்கும் போர்வையாகப் போட்டால், அடுத்த முறை பாலைவனக் காற்று என்று திருப்பூரிலிருந்து யார் சொன்னாலும் சிரிப்பார்கள். தவிர, எடை குறைந்த துணி நாலு சலவையில் தொய்ந்துவிடும். அதைப் போடப் போகிறவர் யாரோ ஒருவர், அவரும் காசு கொடுத்துத்தான் வாங்குவார்.

திங்கட்கிழமை காலை கிடங்கில் முதல் லாட்டில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று எடுத்து மேஜையில் வைத்தேன். பிறகு மூன்றாவது லாட்டின் கார்டனைத் திறந்தேன்.

ரோசா நிமிர்ந்து பார்த்தார். ஒரு வாரம் என்னோடு நின்று நிறுத்தவர். எண்கள் அவருக்கும் தெரியும்.

"மூன்றாவதிலுமா, இன்ஹெனியெரா?"

"மூன்றாவதிலும்தான்."

"உங்கள் முதலாளி நல்லவரா?"

"சம்பளம் சரியாகக் கொடுப்பார்."

"என்னுடையவரும் அப்படித்தான்" என்று சொல்லி உறையை ஒட்டினார்.

முடிவு வர மூன்று வாரம் ஆனது. 177, 176, 166. முதல் இரண்டு லாட்டும் கடை அலமாரிகளுக்குப் போயின. மூன்றாவது லாட்டைத் திருப்பிவிட்டார்கள். கந்தசாமி மூன்று நாள் என் அழைப்பை எடுக்கவில்லை. நாலாவது நாள் எடுத்தார்.

"உங்களை நம்பித்தானுங்க அனுப்புனேன்."

"நானும் உங்களை நம்பித்தான் சார் கையெழுத்துப் போட்டேன்."

ஊர் திரும்பியபோது ராயபுரத்தில் என் மேஜை அப்படியே இருந்தது. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மட்டும் வேறொருவர் வந்திருந்தார். அடுத்த சீசன் ஆர்டர் முன்பைவிடக் குறைவாக வந்தது, வெளி ஆய்வகமே துணியை வெட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒரு ஷிப்ட் நின்றது. அதில் என் பங்கு எவ்வளவு, நூலை மிச்சம் பிடித்தவர்களின் பங்கு எவ்வளவு என்று யோசித்திருக்கிறேன். பதில் எனக்குச் சௌகரியமானதாக இல்லை, ஆனாலும் செய்தது சரி என்ற எண்ணம் மாறவில்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு விலகினேன். இப்போது அனுப்பர்பாளையத்தில் ஒரு சிறிய ஆய்வகத்தில் இருக்கிறேன். சம்பளம் குறைவு. துணியை நானே போய் வெட்டி எடுத்து வருகிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அசல் பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்கட்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை போவதானால் உதட்டுக்கும் தோலுக்கும் எண்ணெய் கொண்டு போங்கள். தங்கும் இடம் வேலை செய்யும் பக்கத்திலேயே இருக்கட்டும், பேருந்தை நம்பி நேரம் சொல்லாதீர்கள். அங்கே துணி நிறுத்து எடை குறைந்தால் பயப்படாதீர்கள், முதலில் அறையின் ஈரப்பதம் என்ன என்று கேளுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு, டிக்கெட் போடுவதற்கும் முன்பு, உங்களை அனுப்புகிறவரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: தப்பு நம் சரக்கில்தான் என்று தெரிந்தால் அதை அங்கேயே சொல்ல எனக்கு அனுமதி உண்டா? அவர் யோசித்தால் போகாதீர்கள். உடனே உண்டு என்று சொன்னால், அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.