மஞ்சள் மாத்திரையும் பாராசூட் பட்டும்

காலணிக்குள் காலை விடுமுன் அதைக் கவிழ்த்துத் தட்டுவது பசிபிக் கடலின் எஸ்பிரித்து சாந்தோ தீவிலிருந்த எல்லா அமெரிக்க ராணுவ நர்சுகளுக்கும் வழக்கம். உள்ளேயிருந்து விழுவது என்னவென்று குனிந்து பார்ப்பது லெப்டினன்ட் சிக்ரிட் ஓடகார்டுக்கு மட்டும் வழக்கம். நண்டா, பூரானா, எந்தப் பக்கமாக ஏறியது, ஏன் எப்போதும் இடது காலணியையே தேடி வருகிறது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்க, அதே கூடாரத்தில் குடியிருந்த டெல்ஃபின் ரோபிஷோ கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு, "முதல்ல அத வெளிய தள்ளு. ஆராய்ச்சிய அப்புறம் வெச்சுக்கடி" என்பாள்.

வடக்கு டகோட்டாவின் கோதுமை வயல்களுக்கு நடுவே வளர்ந்தவள் சிக்ரிட். உலகப் போரின் நடுவே, 1943 மார்ச்சில் தீவுக்கு வந்து இறங்கியபோது அவளிடம் தரப்பட்ட பொருள்களில் மிகவும் பயன்பட்டது இரும்புத் தொப்பிதான். அதில் அவள் முகம் கழுவினாள், காலுறை துவைத்தாள், வெந்நீர் வைத்தாள். விமானத் தாக்குதல் எச்சரிக்கை ஒலித்த சில நாட்களில் தலையிலும் வைத்துக்கொண்டாள். மருத்துவமனை என்பது தென்னந்தோப்புக்குள் வரிசையாக அடித்த கூடாரங்கள். அவளுடைய பொறுப்பில் நாற்பது கட்டில்கள் இருந்தன. குண்டுக் காயம் பட்டவர்களைவிட மலேரியாவில் நடுங்கியவர்களே அதிகம்.

அந்த மலேரியாவைத் தடுக்கத்தான் அட்டாப்ரின் மாத்திரை. நாளுக்கு ஒன்று; கொடும் கசப்பு; தொடர்ந்து விழுங்கினால் தோல் மஞ்சளாகிவிடும். சிப்பாய்கள் அதை நாக்கின் அடியில் ஒளித்துத் துப்பிவிடுவார்கள் என்பதால், நண்பகலில் சாப்பாட்டுக் கூடார வாசலில் ஒரு சார்ஜென்ட் நின்று, ஒவ்வொருவர் வாயிலும் மாத்திரையைப் போட்டு, தண்ணீர் குடிக்கச் சொல்லி, மறுபடியும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். நர்சுகளுக்கு இந்தச் சோதனை கிடையாது. அவர்கள் அதிகாரிகள்; அதிலும் மருந்து விஷயம் தெரிந்தவர்கள். ஆகவே அவர்களுடைய மேசையில் மாத்திரைப் புட்டி உப்புக்குப் பக்கத்தில் சும்மா இருந்தது. எடுத்துக்கொள்வது அவரவர் நாணயம்.

அக்டோபர் மூன்றாம் வாரத்தில் சிக்ரிட்டுக்கு ஒரு கேள்வி பிறந்தது. தீவில் எல்லாரும் மஞ்சள். பாதிரியார் மஞ்சள், சமையல்காரர் மஞ்சள். அவளுடைய வார்டில் கால் முறிந்து கிடந்த கார்ப்பரல் ஸ்டான்சிக் தன் கையை அவளுடைய கையோடு ஒட்டி வைத்து, "நம்ம ரெண்டு பேரையும் சேத்துப் பிழிஞ்சா ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸ் தேறும், நர்சம்மா" என்று சொல்லியிருந்தான். ஆனால் டெல்ஃபின் பாலில் கழுவியதைப் போலவே இருந்தாள். முதலில் அவள் பூசும் கிரீம்தான் காரணமோ என்று சிக்ரிட் நினைத்தாள். ஒரு வாரம் அதே கிரீமைத் தன் இடது மணிக்கட்டில் மட்டும் பூசிப் பார்த்தாள். இடது கைக்கும் வலது கைக்கும் நிறத்தில் வேற்றுமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் முறை அவளுடையது. டெல்ஃபினின் காற்சட்டையைத் தொப்பித் தண்ணீரில் முக்கிய சிறிது நேரத்தில் தண்ணீர் பளீரென்று மஞ்சளானது. பையைத் திருப்பினாள். பாதி கரைந்த இரண்டு மாத்திரைகள் உள்ளங்கையில் ஒட்டின.

டெல்ஃபின் மறைக்கவில்லை. கட்டிலடியிலிருந்து காலியான கிரீம் டப்பாவை எடுத்துத் திறந்தாள். தீவின் ஈரத்தில் கசிந்து கட்டிதட்டிப்போன மாத்திரைகள் இன்னும் இருபத்தொன்று அதில் இருந்தன.

"பதினாலாம் தேதி எனக்குக் கல்யாணம், சிக்ரிட். வாரன் கப்பல் அன்னிக்கு வருது, பதினாறு கிளம்பிடும். வெள்ளப் பாராசூட் பட்டுல கவுன் தைச்சு வெச்சிருக்கேன். அந்தக் கவுனுக்குள்ள நான் உங்கள மாதிரி மஞ்சளா நின்னா எப்படியிருக்கும்? கைக்குட்டைல சுத்துன எலுமிச்சம்பழம்."

"கொசுவுக்கு உன் கல்யாணத் தேதி தெரியுமாடி?"

"இருபத்து மூணு நாளாச்சு. ஒரு தும்மல்கூட வரல. இன்னும் ரெண்டு வாரந்தான?"

"நீ நர்சு. என் வார்டுல பல்லு கிட்டிக் கெடக்கறவங்கள நீயுந்தான் பாக்குற."

"பாக்குறேன். அவங்களுக்கெல்லாம் கல்யாணம் இல்ல." டெல்ஃபினின் குரல் இறங்கியது. "நம்ம தலைமை நர்ஸ் கேப்டன்கிட்ட சொல்லிடாத. தெரிஞ்சா அடுத்த விமானத்துல ஊருக்கு ஏத்திடுவா. வாரனை மறுபடி எப்பப் பாப்பேனோ, பாப்பேனான்னே தெரியல."

சிக்ரிட் கேப்டனிடம் சொல்லவில்லை. அதற்குப் பதில், அன்று முதல் நண்பகலில் டெல்ஃபினின் எதிரில் உட்கார்ந்து, அவள் விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். "சார்ஜென்டுக்கு மீசையாவது இருக்கு" என்று முணுமுணுத்தபடியே டெல்ஃபின் நாக்கை நீட்டினாள்.

ஆனால் அதற்கு முன்பே ஒரு கொசு தன் வேலையை முடித்திருந்தது. நவம்பர் ஐந்தாம் தேதி காலை கட்டுத்துணி சுருட்டிக்கொண்டிருந்த டெல்ஃபினின் கைகள் ஆடத் தொடங்கின. பகல் பத்து மணிக்குக் காய்ச்சல் நூற்று நான்கு. விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தவள் சிக்ரிட். கண்ணாடித் துண்டை நுண்ணோக்கியில் பார்த்து, மலேரியாதான் என்று தலையசைத்தவர் பரிசோதனைக்கூட டாக்டர்.

தலைமை நர்ஸ் கேப்டன் மெல்ரோஸ் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார். சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை.

"தினமும் மாத்திரை போட்டாளா?"

இல்லை என்றால் கல்யாணம் போய்விடும். ஆம் என்றால் மாத்திரை வேலை செய்யவில்லை என்று டாக்டர்கள் நாற்பது நர்சுகளின் மருந்தையும் சந்தேகிப்பார்கள். சிக்ரிட் போர்வை ஓரத்தை ஒருமுறை இழுத்துச் சரிசெய்தாள்.

"இருபத்து மூணு நாள் போடல, மேடம். அப்புறம் அஞ்சு நாளா போட்டா. அந்த அஞ்சு நாளும் எனக்கு விஷயம் தெரியும். நான் உங்ககிட்ட சொல்லல."

"ஏன் போடல?"

சிக்ரிட் காரணத்தைச் சொன்னாள். கேப்டன் தன் மஞ்சள் விரல்களைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சிகிச்சை ஏழு நாள். பதினாலாம் தேதி காய்ச்சல் இல்லாம சொந்தக் கால்ல நின்னா, கல்யாணம் பண்ணிக்கட்டும். நின்னாத்தான். உனக்கு வேற தண்டனை. நாளையிலருந்து நம்ம மேசைல புட்டி இருக்காது. நாற்பது பேர் வாயையும் நீதான் பாக்கணும். என் வாயையும் சேத்து."

பன்னிரண்டாம் தேதி டெல்ஃபினின் காய்ச்சல் விட்டது. ஆனால் சிகிச்சைக்குத் தந்த மாத்திரைகள் நாளுக்கு ஒன்றல்ல. ஆகவே எழுந்து கண்ணாடியைப் பார்த்தபோது தீவிலேயே மிக மஞ்சளான பெண் அவள்தான். கவுனை மடியில் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள்.

சிக்ரிட் கவுனின் ஓரத்தை எடுத்து, வாசல் வெளிச்சத்தில், டெல்ஃபினின் மணிக்கட்டின்மேல் வைத்தாள். கை இன்னும் மஞ்சளாகத் தெரிந்தது. பச்சை ராணுவச் சட்டையை வைத்தாள், கொஞ்சம் தணிந்தது. பிறகு, அந்த ஞாயிற்றுக்கிழமைத் துவைப்பில் மாத்திரைச் சாயம் ஏறி மஞ்சளாகிக் கிடந்த தன் துண்டை வைத்தாள். வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"இங்க பாரு. இந்தத் துண்டுப் பக்கத்துல உன் கை வெளுப்பா இருக்கு."

டெல்ஃபின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தாள். "கல்யாணத்துக்குத் துண்ட கட்டிட்டுப் போகச் சொல்றியா?"

"உன் கிரீம் டப்பாவ எடு."

கட்டிதட்டிய அந்த இருபத்தொரு மாத்திரைகளை இனி எவருக்கும் தர முடியாது. இரண்டு தொப்பி வெந்நீரில் அவற்றைக் கரைத்தார்கள். பட்டு, சாயத்தை ஆவலாகக் குடித்தது. பின்பகல் வெயிலில் கூடாரக் கயிற்றில் தொங்கிய கவுனைப் பார்த்த ஸ்டான்சிக், "யாரோ சூரியனத் துவைச்சுக் காயப் போட்டிருக்காங்க" என்றான்.

பதினான்காம் தேதி டெல்ஃபின் சொந்தக் காலில் நின்றாள். ஒரு கையால் வாரனின் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள் என்பதைக் கேப்டன் கணக்கில் எடுக்கவில்லை. பாதிரியார் வாசித்தபோது, மணமகள் மட்டும் மற்றவர்களைவிட ஒரு சாயல் வெளுப்பாக இருப்பதை சிக்ரிட் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து உறுதிசெய்துகொண்டாள். விமானப்படைப் புகைப்படக்காரர் ஒருவர் இரண்டு படங்கள் எடுத்தார்.

லூசியானாவிலிருந்து டெல்ஃபினின் தாய் எழுதிய கடிதம் ஜனவரியில் வந்தது. அதை வாசித்துவிட்டுக் கட்டிலில் மல்லாந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள், காகிதத்தைச் சிக்ரிட்டின் பக்கம் நீட்டினாள். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்த தாய், அவ்வளவு தூய வெள்ளைப் பட்டு போர்க்காலத்தில் எங்கே கிடைத்தது என்று கேட்டிருந்தார்.

சிக்ரிட் டெல்ஃபினிடமிருந்த மற்றொரு கல்யாணப் படத்தை வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கவுன், கை, பாதிரியாரின் முகம், எல்லாம் ஒரே வெளிர் சாம்பல்.

"இத முன்னாடியே யோசிச்சிருக்கணும்" என்றாள்.

"யாரு, நீயா நானா?"

நண்பகல் மணி அடித்தது. சிக்ரிட் மாத்திரைப் புட்டியை எடுத்துக்கொண்டாள். "வா, வாயத் திற."