இருட்டில் கூட்டிய வாசல்

என் மனைவிக்கு வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் நைட் ஷிப்ட். சாயங்காலம் மில் பஸ் ஏறினால் காலை ஏழு மணிக்குத்தான் எங்கள் தெருமுனையில் இறங்குவாள். ஆகவே வாசல் கூட்டும் வேலை என் தலையில் விழுந்தது. ஆம்பிளை விளக்குமாறு பிடிப்பதைத் தெரு பார்த்தால் மானம் என்ன ஆவது? விடியுமுன் எழுந்து, லைட்டும் போடாமல் கூட்டி, குப்பையைச் சாக்கடையோரம் கொட்டிவிட்டுப் படுத்துக்கொள்வேன். அவ்வளவு கௌரவம் எனக்கு.

வாசலோரம் அவள் வைத்த பவளமல்லி நிற்கிறது. மில் தோழி கொடுத்த கன்று. பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். வேறெந்தப் பூவும் தரையில் விழுந்தால் சாமிக்கு ஆகாது. பவளமல்லியை மட்டும் பறிக்கக் கூடாது, தானாக உதிர்ந்ததைப் பொறுக்கித்தான் வைக்க வேண்டும். முதல் பூ பழனி முருகன் படத்துக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தினமும் தலையில் பஞ்சு ஒட்டியிருக்க, பையைக்கூட இறக்காமல் செடியடியில் குனிந்து தேடுவாள். ஒன்றும் இருக்காது. ராத்திரி தூக்கத்தில் எனக்கு வாசனை வரும். பக்கத்து வீட்டு மல்லிகை என்று புரண்டு படுப்பேன்.

செடி மொட்டு வைக்கத் தொடங்கி மூன்று மாதம் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னாள்.

“மொட்டு வைக்குது, மறுநா காணோம். கருகிருது போல. எனக்குக் கொடுத்து வைக்கல. ஞாயித்துக்கெழம வெட்டிருங்க.”

எனக்கும் சங்கடம்தான், ஆனாலும் சரி என்றேன்.

சனிக்கிழமை அசந்து தூங்கிவிட்டேன். விளக்குமாற்றோடு ஓடிவந்தபோது பளபளவென்று விடிந்திருந்தது. வாசல் கொள்ளாமல் வெள்ளைப் பூக்கள், பவளக் காம்போடு. அத்தனை நாளும் நான் எதைக் கூட்டிக் கொட்டினேன் என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மடையன், மடையன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவள் பஸ்ஸிலிருந்து வந்தாள். பூக்களைக் கண்டதும் செருப்பைக் கழற்றினாள்.

“இம்புட்டா?”

உண்மையைச் சொன்னேன்.

“தெனமும் சாக்கடையிலயா கொட்டுனீக?” என்றாள். கண் கலங்கிவிட்டது. பிறகு உட்கார்ந்து முந்தானையில் பொறுக்கினாள். ஊர் தூங்கும்போது மலர்ந்து, யாரும் பார்க்குமுன் உதிர்ந்து, மண்ணில் கிடந்தும் மதிப்புக் குறையாத பூ. அதைப் பொறுக்கிய கைகளும் ராத்திரி முழுக்க மில்லில் அறுந்த நூலை முடிச்சுப் போட்ட கைகள்தான். இரண்டையும் நான் அன்றுதான் பார்த்தேன்.

இப்போது அவள் பொறுக்கி முடித்த பிறகே, வெயில் ஏறத்தான் கூட்டுகிறேன். முதல் நாள் எதிர்வீட்டு அக்கா வாசலுக்கே வந்துவிட்டார்.

“என்ன தம்பி, நீங்களா கூட்டுறீக?”

“ஆமாக்கா,” என்றேன். “மூணு மாசமா நாந்தான் கூட்டுறேன்.”