தட்டைத் திருப்பிய செந்தாமரை

நாட்டரசன்கோட்டைப் பக்கம் கல்யாணம் பேசி முடிக்கிற ஆள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. பேசியதை முறிக்கத் தெரிந்த ஆள் செந்தாமரை ஒருத்திதான். சிரிக்காதீர்கள், அது லேசுப்பட்ட வேலையில்லை. தட்டு மாற்றி நிச்சயம் முடிந்த பிறகு மாப்பிள்ளை சரியில்லை என்று தெரிந்தால், பெண்ணைப் பெற்றவர்கள் அவளைத்தான் தேடி வருவார்கள். அப்போது செந்தாமரை கிளம்புவாள். வந்த புடவை, பாத்திரம் எல்லாவற்றையும் தட்டில் வைத்து நாலு பேர் பார்க்க மாப்பிள்ளை வீட்டில் இறக்கிவிட்டு, பெண் வீட்டுச் சாமானைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருவாள். அடிதடி கிடையாது. பெண்ணுக்கும் கெட்ட பேர் வராது.

போன வருஷம் அவள் அண்ணன் மகள் விசாலிக்கே அந்தத் தேவை வந்தது. கல்யாணத்துக்கு அல்ல, காலேஜுக்கு.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும், அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில், அண்ணன் மாயக்கண்ணன் மகளை பைபாஸ் ஓரத்து தனியார் கல்லூரி ஒன்றில் சேர்த்துவிட்டார். அவர்களும் வாங்க வாங்க என்று டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் என ஒரிஜினல் அத்தனையும் வாங்கி வைத்துக்கொண்டு, கையில் ஒரு பையும் குடையும் கொடுத்து அனுப்பினார்கள். அப்புறம் பார்த்தால் அரசுக் கல்லூரியிலேயே விசாலி ஆசைப்பட்ட வேதியியல் கிடைத்துவிட்டது. மறுநாள் சாயங்காலத்துக்குள் ஒரிஜினலோடு போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்கு.

கேட்கப் போன மாயக்கண்ணனிடம், "மூணு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார் மேனேஜர். அநியாயம்! மனுஷன் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். விசாலி அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தாள்.

செந்தாமரை வந்து அவளை உலுக்கினாள். "எந்திரிச்சு மூஞ்சியக் கழுவுத்தா. அந்தப் பையும் கொடையும் எங்க? பிரிச்சிட்டியா?"

"இல்ல அயித்தே."

"நல்லதாப் போச்சு."

மறுநாள் காலையில் அந்த ஆபீஸ் நிறையப் பெற்றோர், ஆளுக்கொரு ஃபைலோடு உட்கார்ந்திருந்தார்கள். செந்தாமரை பட்டுப்புடவையில் நுழைந்தாள். இடுப்பில் பித்தளைத் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், நடுவில் பையும் குடையும். பின்னால் வந்த விசாலிக்கு வெட்கத்தில் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. மேனேஜர் மேசையில் தட்டு இறங்கியது.

"என்னம்மா இது?"

"நீங்க குடுத்த சீரு. சரியா இருக்கான்னு பாத்துக்கிருங்க. பேச்சு முறிஞ்சு போச்சு, எங்க சாமானை எங்ககிட்டக் குடுத்துருங்க."

"அட்மிஷன் போட்டாச்சும்மா. ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல?"

"தாலி கட்டுனாத்தானய்யா எங்க புள்ள உங்க வீட்டுப் புள்ள? நீங்க இன்னும் கிளாஸே ஆரம்பிக்கலையே! நிச்சயம் முறிஞ்சதுக்கு, ஆயுசு பூராவும் குடும்பம் நடத்துன செலவைக் கேக்குறீகளே, இது எந்த ஊரு ஞாயம்?"

ஆபீஸ் முழுக்கச் சிரிப்பு. சிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்குச் சட்டென்று சந்தேகம் வந்தது. "ஏங்க, இங்க குடுத்தா திரும்ப வராதா?" என்று கேட்டுக்கொண்டே, மேசையில் வைத்த ஃபைலை எடுத்துத் தன் பைக்குள் சொருகினாள். பக்கத்தில் இருந்தவரும் ஃபைலை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். மேனேஜர் அதைப் பார்த்தார். அடுத்த நிமிஷமே உள்ளே போய் விசாலியின் கவரோடு வந்தார்.

செந்தாமரை உள்ளிருந்த ஒவ்வொன்றையும் பார்த்து வாங்கிக்கொண்டு, தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "வெத்தலை எடுத்துக்கிருங்கய்யா. நமக்குள்ள பகை இல்ல." அவரும் எடுத்துக்கொண்டார்! அவளிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். ஜெயித்த இடத்தில் எதிராளிக்கும் ஒரு மரியாதை வைத்துவிட்டு வருவாள்.

மத்தியானமே அரசுக் கல்லூரியில் விசாலி சேர்ந்துவிட்டாள். பாதுகாவலர் கையெழுத்து என்ற இடத்தில் செந்தாமரை மணிமணியாக இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்த கிளார்க், "எதுவரைக்கும் படிச்சிருக்கீங்கம்மா?" என்று கேட்டார்.

"பன்னெண்டாப்பு சார். பள்ளிக்கூடத்துலயே ரெண்டாவது மார்க்கு."

விசாலிக்கு இது புதுச் செய்தி. திரும்பும் பஸ்ஸில் அவளால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "அப்ப உங்க டி.சி. எங்க அயித்தே?"

"பள்ளிக்கூடத்துலதான் கெடக்கும்."

"வாங்கவே இல்லையா?"

"காலேஜுக்குப் போறவளுக்குத்தானத்தா அது வேணும்? எனக்காகப் போயிக் கேக்க அன்னைக்கு ஆரு இருந்தா?"

சொல்லிவிட்டு செந்தாமரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விசாலி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"திங்கக்கிழம நான் போயிக் கேக்குறேன் அயித்தே. நீங்க என்கூட வந்து நின்னாப் போதும்."